ஹீட்டரை நான்தான் போட்டேன்

எனக்குக் கத்தத் தெரியும். முப்பத்தோரு வருஷமாக என் புருஷன் நெஸ்டரைக் கத்தியே வளர்த்திருக்கிறேன். அவரும் கேட்டுக் கேட்டுப் பழகி, நான் கத்த ஆரம்பித்ததும் போய்க் கெட்டிலில் தண்ணீர் வைப்பார். நான் முடிப்பதற்கும் டீ வருவதற்கும் சரியாக இருக்கும். அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது, போன ஜனவரி வரைக்கும்.

எங்கள் பிழைப்பு ஒரு வெள்ளை வேன். அதன் பின்பக்கம் கார்ப்பெட் கழுவும் மெஷின், தண்ணீர்த் தொட்டி, பம்ப், சுருட்டி மாட்டிய குழாய்கள். கோடையில் கார்ப்பெட் கழுவுவோம். குளிர் வந்துவிட்டால், கனடாவில் எங்கள் ஊரான வினிபெக் முழுக்க யார் வீட்டிலாவது பைப் வெடித்து, கீழ்த்தள அறையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். போய் உறிஞ்சி எடுத்துக் கார்ப்பெட்டைக் காயவைத்துக் கொடுப்போம். அடுத்தவன் வீட்டுப் பைப் உறைந்தால் எங்களுக்குப் பிழைப்பு. எங்கள் வேனுக்குள் உறைந்தால் அம்போதான்.

எங்களுக்குக் கராஜ் கிடையாது. ஊரின் ஒரு மூலையில் டிரான்ஸ்கோனாவில் மூன்று மாடி அபார்ட்மென்ட், வெட்டவெளியில் பார்க்கிங். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஒரு கம்பம், அதில் இரண்டு ப்ளக், மேலே ஒரு சின்ன விளக்கு. ஒரு ப்ளக்கில் எஞ்சினைச் சூடாக வைக்கும் வயரைச் செருகுவோம். அது இல்லாமல் இந்த ஊரில் காலையில் எந்த வண்டியும் கிளம்பாது. இன்னொரு ப்ளக்கிலிருந்து ஆரஞ்சு வயர் ஒன்று பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே போகும். அது மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹீட்டருக்கு. ராத்திரி முழுக்க அந்த ஹீட்டர் ஓடினால் மெஷின் பிழைக்கும். ஓடாவிட்டால் பம்புக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸாகி, இரும்பையே பிளந்துவிடும்.

போன செப்டம்பரில் நெஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. சின்னதுதான் என்றார்கள் டாக்டர்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வலது கையில் பிடிமானம் குறைந்துபோனது. குழாய் இழுக்கும் வேலை, மெஷின் தூக்கும் வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது. "ஞாபக சக்தியையும் கொஞ்சம் கவனிச்சுக்குங்க"ன்னு கிளம்பும்போது ஒரு டாக்டர் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை இவர் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது.

காரணம் இருக்கிறது. இவருடைய அப்பா கடைசி நாலு வருஷம் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தார். பெற்ற பிள்ளை வாரம் தவறாமல் கட்லெட்டும் முட்டைக்கோஸ் சுருளும் எடுத்துக்கொண்டு போவார். அந்த மனுஷன் இவரைத் தபால்காரன் என்று நினைத்து, "எனக்கு லெட்டர் உண்டா?" என்று கேட்பார். இவரும், "இன்னிக்கு இல்லீங்க"ன்னு சொல்லிவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்து அழுவார். நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஹானியா, கை போனா போவட்டும். புத்தி போக ஆரம்பிச்சா எங்கிட்ட மறைக்காதே. முதல்ல நீதான் கண்டுபிடிப்பே. மூஞ்சிக்கு நேரா சொல்லிடு."

"சரிய்யா, சொல்றேன். இப்ப சூப்பைக் குடி"ன்னேன்.

வேலையில் அவருக்கென்று இரண்டு மிச்சமிருந்தன. வாடிக்கையாளர் போன் எடுப்பது ஒன்று. சாயங்காலம் வேனைப் பத்திரப்படுத்துவது இன்னொன்று. அந்த இரண்டாவதில்தான் மனுஷனுக்கு உயிர். நாலரை மணிக்கே பூட்ஸ் போட ஆரம்பிப்பார். ஒற்றைக் கையால் போட்டு முடிக்க இருபது நிமிஷம் ஆகும். உதவிக்குப் போனால் முறைப்பார். கீழே போய், குழாயில் தண்ணீர் இல்லாமல் வடித்து, பம்பைப் பழைய ஸ்லீப்பிங் பேக்கால் சுற்றி, ஹீட்டரைப் போட்டுவிட்டு மேலே வந்து, "குழந்தையைத் தூங்க வச்சாச்சு"ன்னு சொல்லுவார். தினமும் அதே வாக்கியம், அதே சிரிப்பு.

புதுவருஷம் கழிந்து பழைய ஹீட்டரில் கருகல் வாடை வந்தது. வெறும் திருகு வைத்த மொட்டை ஹீட்டர் அது, பத்து வருஷம் உழைத்திருந்தது. நான் போய்ப் புதுசு வாங்கி வந்தேன். பட்டனைத் தொட்டால் பச்சை எழுத்தில் எத்தனை டிகிரி என்று காட்டும். சாய்ந்தால் தானாக அணையும், சூடு போதும் என்றால் தானாக நிற்கும். நெஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு ஹீட்டருக்கு எதுக்குடி இவ்வளவு புத்தி?"

"வீட்ல ஒருத்தருக்காவது இருக்கட்டுமேன்னுதான்"ன்னேன். சிரித்தார். அப்போது அது வெறும் விளையாட்டுப் பேச்சு.

முதல் பத்து நாள் குளிரே இல்லை, மைனஸ் எட்டு, மைனஸ் பத்து. காலையில் போனால் ஹீட்டர் நின்றிருக்கும். சூடு போதுமென்று தானாக நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் வடக்கேயிருந்து இறங்கியது நிஜக் குளிர். ஒரே ராத்திரியில் மைனஸ் முப்பத்தாறு.

காலையில் வேன் கதவைத் திறந்தேன். ஹீட்டர் அணைந்து கிடந்தது. குழாய் எல்லாம் விறகுக்கட்டை. பித்தளை மூட்டு ஒன்று விரிசல் விட்டிருந்தது. பட்டனைத் தொட்டேன், உடனே பச்சை எழுத்து எரிந்து சூடான காற்று வந்தது. ஆக, ஹீட்டரில் கோளாறு இல்லை. எஞ்சினும் ஒரே முறுக்கில் கிளம்பியது. ஆக, ப்ளக்கிலும் கோளாறு இல்லை. பின்னே வேறு யாரிடம் கோளாறு?

"போட்டேனே"ன்னார் நெஸ்டர். "பதினஞ்சுன்னு பச்சையா எரிஞ்சுதே, பார்த்துட்டுத்தான் கதவைச் சாத்தினேன்."

"சரி விடு. ஏதோ அசதி"ன்னேன். அன்றைக்கு நான் கத்தவில்லை. நான் கத்தாததைப் பார்த்துத்தான் அவர் பயந்துபோனார் என்று பிற்பாடு புரிந்தது.

மறுநாளிலிருந்து சாயங்காலம் கீழே போய் வந்ததும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். 'ஹீட்டர் போட்டாச்சு.' நடுங்குகிற வலது கையால் இடது கையில் எழுதுவார். கோணல் மாணலாக இருக்கும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மூன்றாம் நாள் அதிகாலை எங்கள் வாடிக்கையாளர் பென்னர் அம்மாவிடமிருந்து போன். அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, தைத்து வைத்த போர்வையெல்லாம் மிதக்கிறதாம். இருட்டோடு இருட்டாக ஓடினேன். அங்கே போய்ப் பின்கதவைத் திறந்தால் மறுபடியும் அதே கோலம். பம்ப் அசையவில்லை. ஹேர் டிரையரால் ஒரு மணி நேரம் ஊதிப் பார்த்தேன். படிக்கட்டில் நின்று அந்த அம்மா என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எங்களுக்குப் போட்டியாகத் தொழில் செய்கிறவனை என் போனிலிருந்து நானே கூப்பிட்டுக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அவன் சிரித்த முகத்தோடு வந்து இறங்கினான். எனக்கு மானமே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"யோவ்! என்னய்யா நெனச்சுட்டிருக்கே? ஊரே சிரிக்குது! ஒரே ஒரு வேலை. ஒரு பட்டன். அதைக்கூடவா உன்னால போட முடியல?"

அவர் கெட்டிலிடம் போகவில்லை. எழுந்து வந்து இடது கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"இதோ பாரு. போட்டாச்சுன்னு எழுதியிருக்கேன். போட்டுட்டுத்தான் எழுதினேன்."

"எழுதறதுக்கு ஞாபகம் இருந்துச்சு. போடறதுக்குத்தான் இல்ல!"

சொல்லிவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் சொன்னது சொன்னதுதான். அவர் கையை மெதுவாக மூடினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நீ சொல்ற நேரம் வந்துடுச்சா?"

எந்த நேரம் என்று எனக்குத் தெரியாமலா? செப்டம்பரில் அவருக்குக் கொடுத்த வாக்கு. நான் மழுப்பியிருக்கலாம். ஆனால் அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர் அவர், வாக்குக் கொடுத்தவள் நான்.

"ஆமாய்யா"ன்னேன். "வந்துடுச்சுன்னுதான் நெனைக்கறேன்."

தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து தன்னுடைய வேன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்தச் சாவி இருபது வருஷமாக அந்தப் பையை விட்டு இறங்கியதில்லை.

எட்மண்டனில் இருக்கும் எங்கள் மகள் லாரிசாவுக்கு அன்று மதியம் போன் செய்தேன். ஞாபகப் பரிசோதனையை முன்கூட்டியே வைக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். "அடுப்புப் பக்கம் தனியா விடாதேம்மா"ன்னாள் அவள். நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்றுதான் பேசினேன். ஆனால் என் குசுகுசு கீழே பார்க்கிங் வரைக்கும் கேட்கும். வெளியே வந்தால் நெஸ்டர் அடுப்பைவிட்டு எட்ட நின்று கொண்டிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பறைக்கு வெளியே நிற்கவைத்த பையன் மாதிரி. கெட்டில் காலியாக இருந்தது.

அதற்கப்புறம் போனும் எடுக்கவில்லை. மணி அடித்தால், "நீ எடு ஹானியா, நான் ஏதாவது தப்பா சொல்லிடுவேன்"ன்னார்.  திரும்பிக் கத்தவாவது மாட்டாரா, ஒரு கோபமாவது வராதா என்று ஏங்கினேன். வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வேனுக்குப் போனேன். புது மூட்டு மாட்டியிருந்தேன், மெக்கானிக் ஷெட் சூட்டில் வேனை நிறுத்தி எல்லாவற்றையும் உருக்கியிருந்தேன். குழாயை வடித்தேன். பம்பைச் சுற்றிக் கட்டினேன். ஹீட்டரைப் போட்டேன். பதினைந்து, பச்சை எழுத்து. கையை நீட்டிச் சூட்டைத் தொட்டுப் பார்த்தேன். கதவைச் சாத்தி, மறுபடி திறந்து இன்னொரு தரம் பார்த்தேன். அவ்வளவு ஜாக்கிரதை. இனிமேல் ஒழுங்காக நடக்கும் என்று நினைத்தபோது நிம்மதி வரவில்லை. 

மேலே வந்ததும், "போட்டியா?"ன்னு கேட்டார்.

"போட்டேன்."

"நல்லது"ன்னு சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு முதல் வேலை. எட்டரைக்கு இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

ஹீட்டர் அணைந்து கிடந்தது. ஸ்லீப்பிங் பேக் அட்டை மாதிரி விறைத்திருந்தது. அதைப் பிய்த்து எடுத்தால், பம்ப் நெடுக்காக வெடித்து உள்ளே ஐஸ் பளபளத்தது. பிழைக்காது, அவ்வளவுதான்.

"நெஸ்..."ன்னு பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். பாதியில் நின்றுவிட்டது. யாரைத் திட்டுவது? நெஸ்டர் இறங்கவேயில்லை. இரண்டு சாவியும் என்னிடம் இருந்தன. போட்டவள் நான். இந்த விரலால் நான்.

அடக் கடவுளே, நான் போட்டும் அணைந்திருக்கிறது!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெடித்த பம்பைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். பக்கத்து வண்டியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். பூட்ஸில் ஒட்டிய பனியோடு மூன்று மாடியும் ஓடினேன். அம்பத்தாறு வயசு எனக்கு. மூச்சு வாங்கியது.

நெஸ்டர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஆறிப்போன கஞ்சி.

"வெடிச்சிடுச்சுய்யா! பம்ப் வெடிச்சிடுச்சு! ஹீட்டர் அணைஞ்சு கெடக்கு!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நேத்து நான் கீழ போகலியே..." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போனேனா ஹானியா? நான் போய் அணைச்சுட்டு வந்துட்டேனா?"

ஐயோ! நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் இந்த மனுஷனை என்று அப்போதுதான் தெரிந்தது.

"இல்லய்யா, இல்ல! நீ எங்கயும் போகல. நான்தான் போட்டேன், நானே, ரெண்டு தடவை பார்த்தேன். தானா அணைஞ்சிருக்கு. உன் மேல தப்பே இல்ல. அன்னிக்கும் இல்ல, அதுக்கு முன்னயும் இல்ல!"

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பொய் சொல்றே."

"என்னது?"

"என் மூஞ்சியப் பாக்க முடியாம வேணும்னே அணைச்சு வச்சிருக்கே. எனக்காக."

"யோவ், உனக்காகப் பம்பை உடைக்கிற அளவுக்கெல்லாம் எனக்கு உம்மேல ஆசை கிடையாது!"

உதடு லேசாகக் கோணியது. ஆனால் நம்பவில்லை. நம்பினால் எவ்வளவு நல்லது என்று அவருக்கே தெரியும். அதனால்தான் பயந்தார்.

"பூட்ஸைப் போடு. வா, உன் கண்ணால பாரு"ன்னேன். இந்தத் தடவை நான் குனிந்து வார் இழுத்துவிட்டேன். முறைக்கவில்லை.

வேனுக்குள் இரண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் தோளில் கம்பளியைப் போர்த்தினேன். பின்கதவை ஒரு சாண் விட்டுச் சாத்தினேன். நடுவில் ஹீட்டர். "நீயே போடு"ன்னேன். பட்டனைத் தொட்டார். பச்சையாகப் பதினைந்து. காற்று வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். ஹீட்டர் பாட்டுக்கு ஜம்மென்று ஓடியது. எனக்குத் திக்கென்றது. ஏன் அணைந்தது என்று எனக்கே தெரியாதே! இப்போது பார்த்து அணையாமல் ஓடித் தொலைத்தால்? இவர் நான் சொன்னது பொய் என்றே முடிவு கட்டிவிடுவார். அதற்கப்புறம் எந்தச் சத்தியம் செய்தாலும் ஏறாது. அணைந்து தொலையேன் சனியனே என்று மனசுக்குள் கெஞ்சினேன். வேன் உறையட்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

"மணி ஆச்சு, வேலைக்குக் கிளம்பு"ன்னார்.

"எதை வச்சு வேலை? வாயாலயா உறிஞ்சறது? உட்காரு."

பதினோரு நிமிஷம். பதினாலு. அவர் கண் பச்சை எழுத்தை விட்டு அகலவில்லை.

திடீரென்று சத்தம் நின்றது. எழுத்து மறைந்தது.

"நீ தொட்டியா?"ன்னார்.

"என் கை ரெண்டும் என் கக்கத்துல இருக்குய்யா!"

கம்பளி நழுவியதைக்கூடக் கவனிக்காமல் எழுந்து கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். எங்கள் கம்பத்து விளக்கு அணைந்திருந்தது. பக்கத்துக் கம்பம், அதற்கடுத்தது, வரிசை முழுக்க அணைந்திருந்தது. அப்படியே நின்றார். அவர் யோசிக்கிறபோது மீசையைக் கடிப்பார். செப்டம்பருக்குப் பிறகு அன்றைக்குத்தான் கடித்தார்.

"டைமர்"ன்னார். "ஹானியா, டைமர்டி! கரண்ட் மிச்சம் பண்ண, இருபது நிமிஷம் வரும், இருபது நிமிஷம் நிக்கும். நவம்பர்ல நோட்டீஸ் ஒட்டினாங்களே."

ஒட்டினார்கள். படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டவளே நான். இந்த ஊரில் பாதி பார்க்கிங் அப்படித்தான், சின்னக் குழந்தைக்கும் தெரியும். எஞ்சின் வயருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, விட்டு விட்டு வந்தாலும் போதும். பழைய மொட்டை ஹீட்டரும் அப்படித்தான், கரண்ட் வந்தால் தானும் வந்துவிடும். அதனாலேயே யாருக்கும் தோன்றவில்லை.

"இரு, இன்னும் பார்க்கணும்"ன்னார்.

"விறைச்சுப் போயிடுவே, மேல போலாம்."

"பார்க்கணும்."

இன்னொரு இருபது நிமிஷம் குளிரில் உட்கார்ந்தோம். அவர் கையை எடுத்து என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். கம்பத்து விளக்கு எரிந்தது. வரிசை முழுக்க எரிந்தது. ஹீட்டர் மட்டும் வாயை மூடிக்கொண்டு கிடந்தது, யாராவது வந்து பட்டனைத் தொடட்டும் என்று.

"பாத்தியா? இவ்வளவு புத்தி இருந்து என்ன புண்ணியம். மறந்துபோனது இதுதான்"ன்னார் நெஸ்டர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுடுய்யா. அந்த எழவு ஹீட்டரை வாங்கினவ நான். மூஞ்சிக்கு நேரா உன்னப் பாத்து அப்படிச் சொன்னவளும் நான்."

"சொல்லச் சொன்னது நான்தானே. அதுக்குக் கோபமில்ல." என் கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்துக்கொண்டார். "கையை விரிச்சுக் காட்டினேனே, அப்ப ஒண்ணு சொன்னே பாரு. அதுக்கு இருக்கு."

"திட்டு. இப்பவே திட்டு, வாங்கிக்கறேன்."

"இரு. அவசரப்படாதே."

குனிந்தார். பட்டனைத் தொட்டார். பச்சை எழுத்து வந்தது, காற்று வந்தது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி வாளிமேல் உட்கார்ந்தார். என் பையில் போன் அடித்தது. ஒன்பது மணி வேலைக்குக் கூப்பிட்டவர்கள்தான், நேரம் தாண்டிவிட்டது. அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.  ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சொன்ன நேரத்துக்கு அணைந்தது. அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார். அந்த மூச்சு எத்தனை நாளாக உள்ளே கிடந்ததோ.

"இன்னும் ஒரு தடவை பார்த்துடலாம் ஹானியா"ன்னார்.

பார்த்தோம்.